டி.வி.யில் காட்டுவார்களாம்

12-8-2024, திங்கள்

டாக்டர் அறையில் இருந்தவர்கள்: டாக்டர் மங்கையர்க்கரசி, நர்ஸ் ஒருவர் (பெயர் கேட்கவில்லை), என் வீட்டுக்காரர் தனசிங், அவர்களுடைய அக்கா ரூபி மைனி, எங்கள் இளைய மகள் அற்புதம், நான் (எப்சிபா). ஆக ஆறு பேர். மூத்தவள் பெர்சிஸ் பெங்களூரிலிருந்து போனில் இருந்தாள். அவளை வருகையில் சேர்க்கவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குப் பதினாலு வருடமாகச் செயலாளர். மினிட்ஸ் எழுதி எழுதித்தான் எனக்கு எழுத்து வந்தது. யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிட்டால் மற்றது தானாக வரும். அதனால் இதையும் அப்படியே தொடங்குகிறேன். ஏதாவது அடித்துத் திருத்தினால் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது பெர்சிஸ் அப்பா கற்றுக்கொடுத்தது. கூட்டுறவு வங்கியில் முப்பது வருடம். "கையெழுத்து இல்லாத திருத்தம் திருட்டு" என்பார்கள். பால் கணக்கில்கூட அப்படித்தான் எங்கள் வீட்டில்.

கர்ப்பப்பையில் மூன்று கட்டி. இரத்தம் 7.2. நான் எழுதி வைத்திருந்த தாளைக் கொடுத்தேன். ஜூனில் உதிரப்போக்கு 11 நாள், ஜூலையில் 14, இந்த மாதம் இன்றோடு 9. ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை துணி, எத்தனை தடவை கட்டியாக விழுந்தது எல்லாம். டாக்டர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யாரும் எனக்குக் கணக்கு கொண்டுவந்ததில்லம்மா" என்றார். கொஞ்சம் பெருமையாக இருந்தது. கர்த்தர் மன்னிக்க வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். வயிற்றைக் கிழிக்காமல், நாலு சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு எடுப்பார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

"பிள்ளைங்க எப்படிப் பிறந்தாங்க? சிசேரியனா?"

நான் வாயைத் திறக்குமுன் ரூபி மைனி சொல்லிவிட்டாள்: "மூத்தது சிசேரியன் டாக்டர். இந்தா நிக்காளே, இவ ஜெபத்துல பொறந்தவ. கத்தி படாம வந்தா. அதான் அற்புதம்னு பேரு."

அற்புதம், "ஆமா டாக்டர், ஊருக்கே நான்தான் சாட்சி. பரீட்சையில ஃபெயிலானாகூட சாட்சிதான்" என்றாள். நர்ஸ் சிரித்தது.

டாக்டர் என்னைப் பார்த்தார். "அப்ப ஒண்ணுதான். அப்படித்தானம்மா?"

நான் ஆமாம் என்றேன். பெர்சிஸ் அப்பா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கொஞ்சம் சத்தம் போட்டது.

ஏன் கேட்கிறேன் என்றும் டாக்டர் விளக்கினார். சிசேரியன் ஆறும்போது உள்ளே ஒட்டுப் பிடிக்குமாம். கர்ப்பப்பையோடு ஒன்றுக்குப்பை, அதாவது சிறுநீர்ப்பை, ஒட்டிக்கொள்ளும், சிலருக்குக் குடலும். "கல்லுல ஒட்டின தோசையை எடுக்கிற மாதிரி. தெரியாம இழுத்தா கிழிஞ்சிடும். ஒண்ணுன்னா பெரும்பாலும் சமாளிச்சிடலாம். ரெண்டு, மூணுன்னா முன்னாடியே தெரியணும். கேமராவை மேல விலாப் பக்கமா விடுவோம், சிறுநீரக டாக்டரையும் கூட வச்சுக்குவோம்."

ரூபி மைனிக்கு ஒரு சந்தேகம்: "என் ஓரகத்திக்குப் பண்ணும்போது டி.வி.யில காட்டுனாவளே, இங்கயும் உண்டா? அவளுக்குப் பிள்ளை வேண்டாம்னு குழாயில கட்டுப் போட்டிருந்ததுகூடப் பளிச்சுனு தெரிஞ்சுது."

"உண்டும்மா. வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டுவோம். எடுத்ததையும் காட்டுவோம். பிறகு யாரும் ஒண்ணும் கேட்கக்கூடாது பாருங்க."

செப்டம்பர் 5, வியாழன், காலை ஏழு மணி. அதற்குள் இரத்தம் ஏற்ற வேண்டும்.

13-8-2024, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் மாற்றினேன். போனது 41 நாள் வந்தது. உதிரப்போக்கு 10-ஆம் நாள். துணி 7.

15-8-2024, வியாழன்

அற்புதம் கல்லூரியில் கொடியேற்றம், ஏழு மணிக்கே போய்விட்டாள். தலைசுற்றல். உளுந்தங்களி செய்து பாதி தின்றேன்.

அவள் பிறந்த விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பெர்சிஸுக்கு வயிற்றைக் கிழித்த பிறகு எனக்கு ஒரு வருடம் இடுப்பு நிமிரவில்லை. இரண்டாவது உண்டானபோது பெர்சிஸ் அப்பா அசனப் பண்டிகையில், ஊர் எல்லாம் பந்தியில் உட்காருமுன், மைக்கைப் பிடித்து, "இந்தப் பிரசவத்தில் என் மனைவிமேல் கத்தி படாது, கர்த்தர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்" என்று சொல்லிவிட்டார்கள். நான் ஏழாம் மாதம் அம்மா வீட்டுக்குப் போனேன். வலி வந்தபோது அவர்கள் ஊழியக் குழுவோடு வடக்கே போயிருந்தார்கள். அம்மா போனில் சொன்னாள்: பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்று.

மற்றது இங்கே எழுதத் தேவையில்லை.

18-8-2024, ஞாயிறு

ஆராதனை முடிவில் எனக்காக ஜெபித்தார்கள். சபைப் போதகர் ஐயரவர்கள், "சகோதரர் தனசிங், அந்தப் பழைய சாட்சியை ஒருமுறை சொல்லுங்கள், சபை பலப்படட்டும்" என்றார். பெர்சிஸ் அப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டி உட்கார்ந்துகொண்டார்கள். ரூபி மைனி எழுந்து சொன்னாள். ஒவ்வொரு வருடமும் அவள் சொல்லும்போது மழை கூடுதலாகப் பெய்கிறது. அந்த நாளில் மழையே கிடையாது.

பாட்டுக்கு எழுந்தபோது கண் இருட்டி விழுந்தேன். புடவை நனைந்துவிட்டது. அற்புதம் தன் துப்பட்டாவைக் கட்டிவிட்டாள். வேத வசனம் எழுதிய சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இவ்வளவு பேர் எனக்காகக் கண்ணீர் விட்டு ஜெபிக்கிறார்கள், அந்த ஜெபம் எந்த விலாசத்துக்குப் போகும்?

20-8-2024, செவ்வாய்

பெர்சிஸ் அப்பா கடைசியாக எந்த வருடம் அந்தச் சாட்சியைச் சொன்னார்கள் என்று பார்க்கப் பழைய மினிட்ஸ் நோட்டுகளை எடுத்தேன். டிசம்பர் வெள்ளத்தில் ஏரலில் எங்கள் தெருவெல்லாம் நெஞ்சளவு தண்ணீர். நோட்டுகள் நனைந்து காய்ந்து ஒரே கட்டையாகிவிட்டன. ஈர்க்குச்சி விட்டு, பவுடர் தூவி, மெல்லப் பிரித்தேன். நாலு தாள் நல்லபடி வந்தது. ஐந்தாவது கிழிந்தது. ஒரு தாளின் எழுத்தெல்லாம் மற்றதில் ஒட்டிக்கொண்டு போனது.

பிரிந்தவரை பார்த்ததில்: 2011 அசனத்தில் அவர்கள் சொன்னது. 2012 முதல் ரூபி மைனி. 2014-இல் மைக் கோளாறு. 2017-இல் இருமல். நான் எழுதியதுதான் எல்லாம். எழுதும்போது கவனிக்கவில்லை.

நோட்டை மூடி வைத்துவிட்டேன். மறுபடி ஒட்டிக்கொண்டாலும் பரவாயில்லை.

21-8-2024, புதன்

திருத்தம். 12-ஆம் தேதிக் குறிப்பில் சிசேரியன் ஒன்று என்று டாக்டரிடம் ஒத்துக்கொண்டதாக இருக்கிறது. இரண்டு. (எ.)

அற்புதத்துக்கு வலி ஒன்றரை நாள். பிறகு பழைய தையல் இருந்த இடத்தில் யாரோ சூடு வைத்த மாதிரி ஒன்று வந்தது. அம்மா ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் ஓடினார்கள். பழைய தழும்பிலேயே கத்தி வைத்ததால் வெளியே ஒரு கோடுதான். அம்மா என் தலைமாட்டில் உட்கார்ந்து, "உன் மாப்பிள்ளை ஊருக்கு முன்னால வாக்குக் கொடுத்திருக்காரு. அவரை நீ பொய்யன் ஆக்கப்போறியா? நான் பாத்துக்கிடுதேன், நீ வாயத் திறக்காத" என்றாள். பெர்சிஸ் அப்பா வருவதற்குள் தையல் பிரித்தாயிற்று. மூன்று மாதம் தாய்வீடு. எல்லாப் பெண்களுக்கும் உள்ள வழக்கம்தான்.

அவர்கள் வந்து பிள்ளையைத் தூக்கி முழங்கால்போட்டு அழுதார்கள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

24-8-2024, சனி

பெர்சிஸ் அப்பா உரம் வாங்கப் போன நேரம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது.

"டாக்டர்கிட்ட ஒரு தகவல் சொல்லணும்மா. ரகசியம்."

"எந்தத் தகவல்னாலும் பேஷண்டும் கூட வர்ற அட்டெண்டரும் சேர்ந்து நேர்ல வரணும் மேடம்."

"அட்டெண்டர் இல்லாம?"

"அட்டெண்டர் இல்லாம டாக்டர் பார்க்க மாட்டாங்க மேடம். பேர் சொல்லுங்க."

வாசலில் சைக்கிள் சத்தம். வைத்துவிட்டேன். "யாருட்ட பேசுன?" என்றார்கள். ராங் நம்பர் என்றேன். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவியலில் உப்பு போட மறந்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

26-8-2024, திங்கள்

இரத்தம் ஏற்ற ஆஸ்பத்திரி. இருந்தவர்கள்: ரூபி மைனி, நான். நாள் முழுதும் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. நல்ல மனசுதான். காலைப் பிடித்துவிட்டாள். ஆனால் நர்ஸ் பக்கத்தில் வரும்போதெல்லாம் எனக்கு முன்னால் அவள் பேசுகிறாள்.

"எங்க எப்சிபாவுக்கு யார் ரத்தம் ஏத்துதிய? சபையாள் ரத்தமா, வெளியாள் ரத்தமா?"

"ஓ பாசிட்டிவ் பாட்டி."

"பாட்டியா? ஏட்டி, எனக்கு அம்பத்தெட்டுதான்!"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தால் உதிரம் இறங்குகிறது.

மத்தியானம் அவள் இட்லி வாங்கப் போனாள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நர்ஸும் வரவில்லை. பெல்லை அமுக்கினேன். வேலை செய்யவில்லை. அவள் வந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "என் தம்பிக்கு ஒரு ஆம்பளப் பிள்ளைய மட்டும் கர்த்தர் குடுக்கல எப்சி. இனி அந்தப் பையும் போகுது. எத்தனை வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தான்! ஏன் குடுக்கலன்னு மேல போய்த்தான் கேக்கணும்."

இரண்டு பாட்டில் ஏறியது. 9.1.

30-8-2024, வெள்ளி

இரண்டாம் திருத்தம். இதற்கு அடிக்க எதுவும் இல்லை, எங்கேயும் எழுதாதது. ஆனாலும் கையெழுத்துப் போடுகிறேன். (எ.)

அன்றைக்கு டாக்டரம்மா பிள்ளையை எடுத்த பிறகு என் முகத்துக்கு நேரே குனிந்து, "பழைய தையல் காகிதம் மாதிரி இருக்கு. இன்னொண்ணு உண்டானா பை வெடிச்சு நீ செத்துருவ. குழாயைக் கட்டிரவா?" என்றார்கள். அம்மா கையெழுத்துப் போட்டாள் என்றுதான் எனக்கு நானே இத்தனை வருடம் சொல்லிவந்தேன். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, ரேகைதான் வைப்பாள். நான்தான் போட்டேன். படுத்துக்கொண்டே போட்டதால் கோணலாக விழுந்தது.

செத்துவிடக்கூடாது என்றுதான் நினைத்தேன். பெர்சிஸுக்கு நாலு வயது.

2004 ஜனவரி இரண்டாம் தேதி முதல் பெர்சிஸ் அப்பா ஒவ்வொரு வெள்ளியும் மகனுக்காக உபவாசம். ஜோயல் என்று பெயரும் முடிவு பண்ணியிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன், தேங்காய்த் துவையலோடு. 2012 ஆகஸ்ட் பத்தாம் தேதி வரை. நானூற்று ஐம்பது வெள்ளி. ஒவ்வொரு வெள்ளியும் தெரிந்துகொண்டே கஞ்சி வைத்தேன். அவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள், நான் பக்கத்தில் முழங்கால்போட்டு ஆமென் சொல்வேன்.

பிறகு திடீரென்று உபவாசத்தை நிறுத்திவிட்டார்கள். வயிற்றுப்புண் என்றார்கள். அம்மா இறந்து, அவள் பெட்டியில் இருந்த காகிதங்களைப் பிரித்துப் பார்க்க அவர்கள் தனியாக ஊருக்குப் போய்வந்தது அந்த வாரம். நல்ல வெயில். அதில்தான் வயிறு கெட்டிருக்க வேண்டும்.

2-9-2024, திங்கள்

ஒரு யோசனை வந்தது. ஓட்டை போடாமல் வயிற்றைத் திறந்தே செய்யச் சொன்னால் டி.வி. இருக்காது. நேரே கண்ணால் பார்த்துச் செய்வதால் ஒட்டும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டுக்கும் அதுவே வழி. பத்து நாள் கூடப் படுத்தால் என்ன.

சாப்பாடு போடும்போது சொன்னேன். "எனக்கு அந்த கேமராவெல்லாம் பயமா இருக்கு. பழையபடி திறந்தே பண்ணச் சொல்லுங்களேன்."

பெர்சிஸ் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்கள். குனிந்தபடியே, "திறந்தாலும் உள்ள இருக்கது உள்ளதான இருக்கும் எப்சி" என்றார்கள்.

"என்ன சொல்லுதிய?"

"கட்டியத்தான் சொல்லுதேன். மோர் ஊத்து."

ஊற்றினேன். பெட்டி கட்டினேன்: நைட்டி 3, துண்டு 2, பழைய துணி ஒரு கட்டு, வேதாகமம், இந்த நோட்டு. உதிரப்போக்கு நின்று இன்று நாலாம் நாள்.

4-9-2024, புதன்

அட்மிஷன். பெண்கள் வார்டு, படுக்கை 6. ஆண்கள் உள்ளே வரக்கூடாது. பெர்சிஸ் அப்பா கீழே வரவேற்பில். அற்புதம் மேலேயும் கீழேயும் ஓடுகிறாள்.

நாலரை மணிக்கு நர்ஸ் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தது. "வீட்டுல பூர்த்தி பண்ணிட்டாங்க மேடம். நீங்க ஒருதடவை படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் கீழ உங்க சார் கையெழுத்து." நர்ஸின் பெயர் கேட்டேன். மகரஜோதி.

பெயர், வயது, விலாசம் எல்லாம் அற்புதத்தின் எழுத்து. "முன்பு நடந்த சிசேரியன்" என்ற இடத்தில் அவள் 1 என்று எழுதியிருந்தாள். அதன்மேல் ஒரு கோடு. வேறு பேனாவில், பக்கத்தில், 2. அதற்கும் பக்கத்தில் சின்னதாக, வங்கிப் பேரேட்டில் போடுகிற மாதிரி: த.சி.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகரஜோதி, "என்ன மேடம், தப்பா?" என்றது.

"இல்ல. சரிதான்."

"ரெண்டா? கேஸ் ஷீட்ல ஒண்ணுன்னு இருக்கே!" என்று படிவத்தைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு ஓடியது. கால்மணி நேரத்தில் டாக்டரே வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். என் வயிற்றுத் தழும்பை மறுபடி தடவிப் பார்த்துவிட்டு, "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. சிறுநீரக டாக்டரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். ஒட்டு நிறைய இருந்தால் ஓட்டையை விட்டுவிட்டுத் திறக்க வேண்டியிருக்கும், ஒன்றுக்குப்பை கிழிந்தால் அங்கேயே தைத்துவிடுவார்கள், சில நாள் குழாயோடு இருக்க வேண்டும். "எப்படியும் உங்களைப் பத்திரமா வெளிய கொண்டுவரப் பாக்குறேன்" என்றார். பாக்குறேன் என்றுதான் சொன்னார், கொண்டுவருவேன் என்று சொல்லவில்லை.

படிவம் திரும்ப என் கையில். அடுத்த வரி: "குடும்பக் கட்டுப்பாடு செய்யப்பட்டதா? ஆம் / இல்லை." அங்கே அற்புதமும் எழுதவில்லை, அவர்களும் எழுதவில்லை. காலியாக இருக்கிறது. இந்த ஒரு இடம் மட்டும்.

தெரியாததால் விட்டதா, தெரிந்து எனக்கென்று விட்டதா? எவ்வளவு நேரம் பார்த்தாலும் காலி இடத்தில் கையெழுத்து இருக்காது.

நான் எழுதினேன். ஆம்.

மகரஜோதி படிவத்தைக் கீழே கொண்டுபோகக் காத்திருக்கிறது. அதற்கு முன்னால் இது.

பெர்சிஸ் அப்பாவுக்கு,

இந்த நோட்டை அற்புதத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். சங்கத்து மினிட்ஸ் என்று சொல்லியிருக்கிறேன். அதனால் அவள் பிரிக்கமாட்டாள். அதுவும் பொய்தான். கடைசியாக இருக்கட்டும்.

திருத்தம் போட்ட இடங்களை முதலில் படியுங்கள். 21-ஆம் தேதியும் 30-ஆம் தேதியும். பிறகு படிவத்தைப் பாருங்கள். நீங்கள் அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நான் நிரப்பிய இடத்தில் அடித்தல் இல்லை. இருபத்தொரு வருடத்துக்கு ஒரு வார்த்தைதான் வந்தது.

அம்மா பெட்டியில் அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீங்கள் பார்த்திருந்தால், பன்னிரண்டு வருடம் உப்பில்லாததை எல்லாம் சொல்லாமல் சாப்பிட்டிருக்கிறீர்கள். பார்க்கவில்லை என்றால், ஜோயலுக்காக நீங்கள் கிடந்த நானூற்று ஐம்பது வெள்ளியும் என்மேல் இருக்கிறது. எதுவென்று எனக்குத் தெரியாமல் நான் அந்த மேசையில் ஏற வேண்டாம்.

நாளை காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். நடுவில் உங்களை டி.வி. பார்க்கக் கூப்பிடுவார்கள். நீங்கள் போவதானால் போங்கள். வேண்டாமென்றால் ரூபி மைனியை அனுப்பாதீர்கள், ஒருவரும் வரவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

போகிறீர்களா, இல்லையா? அற்புதம் கீழேயே நிற்பாள். ஆறு மணிக்கு மேல் அவளையும் மேலே விடமாட்டார்கள். இப்போது ஐந்து இருபது. தயவுசெய்து சீக்கிரம் பதில் சொல்லி அனுப்புங்கள்.

எப்சிபா